நான்ஸ்டாப் அண்ணன் வண்டியை நிறுத்திய கதை

எங்கள் டிப்போவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டூட்டி போடுகிற அதிகாரிகூட ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நான்ஸ்டாப்!" என்றுதான் குரல் கொடுப்பார். இவரும் ஏதோ பட்டம் கொடுத்துக் கூப்பிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்பார். தலைநகரத்திலிருந்து துறைமுகம் போகிற தொலைதூர பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே வண்டி. என் மனைவியோடு பேசியதைவிட அவரோடு பேசியதுதான் அதிகம். இரண்டு பேரிடமும் நான் ஒரு தடவைகூடப் பேசி ஜெயித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்தப் பட்டம் சும்மா வந்ததல்ல. எங்கள் பயணம் ஐந்து மணி நேரம். பாதி வழியில் ஒரு டீக்கடையும் அதன் பின்னால் கழிப்பறைகளும் உண்டு. அங்கே நிறுத்துவதும் நிறுத்தாததும் டிரைவர் இஷ்டம். மற்ற எல்லா வண்டிகளும் நிற்கும். எங்கள் வண்டி மட்டும் டீக்கடைக்காரன் வாயைப் பிளந்து பார்க்கப் பார்க்கப் பறந்துவிடும். "பஸ்ஸுன்னா ஓடணும்டா. நிக்கிறதுக்குப் பேரு வீடு" என்பார். பயணிகள் முதலில் கேட்பார்கள், பிறகு கெஞ்சுவார்கள், கடைசியில் திட்டுவார்கள். திட்டு அவருக்குப் போகாது. அவர் கண் ரோட்டில், காது எஞ்சினில். நடுவில் நிற்கிற எனக்குத்தான் அத்தனையும். என் பரம்பரையில் திட்டு வாங்காத ஆள் இல்லை என்கிற அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு பெரியவர் காலைப் பின்னிக்கொண்டு முன்னால் வந்து, "டிரைவர் தம்பி, ஒரே ஒரு நிமிஷம்" என்று கும்பிட்டார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வீட்டுலயே போயிட்டு வரக்கூடாதா? அஞ்சு மணி நேரம் அடக்க முடியாதவரு எதுக்கு ஊரு விட்டு ஊரு போறீங்க?"

இப்படிப் பேசுகிறவர் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். தூங்குகிற குழந்தை விழிக்காதபடி பிரேக் போடத் தெரிந்த டிரைவர் எங்கள் டிப்போவில் அவர் ஒருவர்தான். பக்கவாட்டுக் கண்ணாடிகளை அவரே துடைப்பார், என்னைத் தொட விடமாட்டார். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துவிட்டால் ராஜா மாதிரி முகத்தில் ஒரு நிறைவு வந்துவிடும். ஆனால் அடக்குகிற விஷயத்தில் மட்டும் அவருக்குத் தலைக்கனம். டூட்டி நேரத்தில் வாயைக் கொப்பளித்துத் துப்புவதோடு சரி, தண்ணீர் உள்ளே இறங்காது. அது உடம்பா, தண்ணீர் லாரியா என்று டிப்போவில் எல்லோரும் கேலி செய்வோம்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள் வண்டியை நிறுத்தினார்.

டீக்கடை வாசலில் வண்டி நின்றதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. "டயர் ஒரு மாதிரி இருக்குடா" என்று இறங்கிப் போனார். இரண்டு டயரைக் காலால் உதைத்தார், கடைக்குப் பின்னால் போனார், வந்தார். அடுத்த தடவை ரேடியேட்டருக்குத் தண்ணீர். அதற்கடுத்த தடவை, பின்சீட்டில் யாரோ வாந்தி எடுக்கப் போகிறார்களாம். திரும்பிப் பார்த்தேன், பின்சீட்டுக்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பிறகு காரணம் சொல்வதே நின்றுபோனது. டீக்கடையில் ஒரு தடவை, அதற்கு முன்னால் பெட்ரோல் பங்கில் ஒரு தடவை, துறைமுகம் வருவதற்கு முன்னால் இன்னொரு தடவை என்று வண்டி நிற்க ஆரம்பித்தது.

பயணிகளுக்குத் தலைகால் புரியவில்லை. டிக்கெட் கவுன்ட்டரில் வந்து, "நிறுத்துற டிரைவர் வண்டி எது?" என்று கேட்டு ஏற ஆரம்பித்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், வயதானவர்கள் எல்லோரும் எங்கள் வண்டியில். ஒரு பாட்டி இறங்கும்போது அவர் கன்னத்தைத் தடவி, "நீ நல்லா இருக்கணும் ராசா" என்றார். ஒருத்தி பிஸ்கெட் பாக்கெட் கொடுத்தாள். முப்பது வருஷம் சாபத்தை மட்டுமே வாங்கிய மனுஷருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"பயணிங்க சௌகரியம்தான்டா முக்கியம்" என்றார் ஒரு நாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"இதை யாரு சொல்றது? நீங்களாண்ணே?"

"மனுஷன் மாற மாட்டானா?"

மாறிவிட்டார் என்றுதான் நானும் நம்பினேன், கேனையன் மாதிரி. அவர் போனால் வர ஏன் அவ்வளவு நேரமாகிறது, வந்து ஏறியவர் ஏன் மறுபடி இறங்கி ஓடுகிறார் என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒளிந்து சிகரெட் பிடிக்கிறார் போல என்று விட்டுவிட்டேன்.

அவரைக் காட்டிக்கொடுத்தது அந்தப் புகழ்தான்.

அண்ணி, அதாவது அவர் மனைவி, தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் துணி மூட்டையோடு சேர்ந்து அந்தக் கடைக்கு வந்துவிடும். ஒரு நாள் துணி கொண்டுவந்த பெண் ஒருத்தி, துறைமுகத்தில் இருக்கிற மகளைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்லி, "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷங்க. ஒண்ணுக்குப் போகணும்னு நாம கேக்கவே வேணாம், அவரே மூணு இடத்துல நிறுத்துறாரு" என்று புகழ்ந்து தள்ளியிருக்கிறாள்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார்.

"யாரு, எங்க வீட்டுக்காரரா? பிரசவ வலியில கார்ல போறப்ப, வாந்தி வருது, ஒரு நிமிஷம் நிறுத்துங்கன்னு கெஞ்சினேன். நிறுத்தாத மனுஷன் அது."

அந்தப் பெண் போனதும் அண்ணிக்குக் கை ஓடவில்லை. கொஞ்ச நாளாக வீட்டில் அவர் பூட்டைப் பார்க்கிறேன், கேஸைப் பார்க்கிறேன் என்று தூக்கத்திலிருந்து அடிக்கடி எழுந்து போவதும் ஞாபகம் வந்திருக்கிறது. கடையைப் பாதியில் அடைத்துவிட்டு நேராக டிப்போவுக்கு வந்து என்னைப் பிடித்தார்.

"தம்பி, மழுப்பாம சொல்லு. போற வழியில எத்தனை தடவ இறங்குறாரு?"

சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் உறைத்தது.

மறுநாளே அண்ணி அவரைக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப்போனார். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். அதில் புராஸ்டேட் சம்பந்தமான ஏதோ ஓர் அளவு கூடுதலாக இருந்தது. வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஸ்கேனுக்கு அண்ணி வரவில்லை, என்னைத்தான் அனுப்பினார். "நான் கூட இருந்தா வெட்கப்பட்டுக்கிட்டு அந்த டாக்டர்கிட்ட பொய் சொல்வாரு. நீ போ" என்றார். மனுஷரை அளந்து வைத்திருந்தார்.

ஸ்கேன் சென்டரில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, முழுவதும் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியுமாம். இவருக்கு ஒரே குஷி.

"இதுக்குன்னே பொறந்தவன்டா நான்" என்று மடமடவென்று குடித்தார்.

அவருக்கு முன்னால் இருந்த கூட்டத்தை அவர் கவனிக்கவில்லை. கர்ப்பிணிகள் ஒரு வரிசை, கல் அடைப்புக்காரர்கள் ஒரு வரிசை. எல்லோர் கையிலும் பாட்டில், எல்லோர் முகத்திலும் ஒரே தவிப்பு. கொஞ்ச நேரம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு காலைப் பின்னினார். பிறகு நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் எனக்கு எப்போது கிடைக்கும்? காதருகில் குனிந்து, "வீட்டுலயே போயிட்டு வரக்கூடாதாண்ணே?" என்றேன்.

அவர் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும். அடுத்த நிமிஷம் எழுந்து ஓடினார். திரும்பி வந்ததும் நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "போயிட்டீங்களா? சரி, முதல்ல இருந்து குடிங்க" என்று இன்னொரு பாட்டிலை நீட்டினாள். சின்னப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். நானும் வர வேண்டும் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். ஸ்கேன் பார்த்தது ஒரு டாக்டரம்மா. அடிவயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கையடக்கமான ஒரு கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ அசைந்தது.

"என்னம்மா இது, மழையில வைப்பர் ஓடாத கண்ணாடி மாதிரி இருக்கு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எங்களுக்கு ரோடு தெரியும், பயப்படாதீங்க. சத்தத்தை உள்ள அனுப்புறோம். உங்க காதுக்கும் என் காதுக்கும் கேக்காத சத்தம். அது பட்டுத் திரும்பி வர்றதத்தான் இந்த மிஷின் படமாக் காட்டுது. இதோ, கறுப்பாப் பை மாதிரி இருக்குல்ல, அது நீங்க குடிச்ச தண்ணி. அதுக்குக் கீழே இருக்கிறதுதான் புராஸ்டேட். நெல்லிக்காய் அளவுக்கு இருக்க வேண்டியது. உங்களுக்கு எலுமிச்சம்பழமா இருக்கு."

பிறகு போய்விட்டு வரச் சொல்லி மறுபடி பார்த்தார். கறுப்புப் பை பாதிதான் சுருங்கியிருந்தது.

"முழுசாப் போயிட்டேனே" என்றார் அண்ணன்.

"போனதா நீங்க நினைக்கிறீங்க. வீங்கினது வழியை நெருக்குது. பாதி உள்ளேயே தங்கிடுது. அதான் அடிக்கடி வருது. இந்த வயசுல நிறையப் பேருக்கு வர்ற வீக்கம்தான், மாத்திரை இருக்கு."

அண்ணன் முகம் மலர்ந்தது. டாக்டரம்மா முடிக்கவில்லை.

"ஆனா ரத்தத்துல அந்த அளவு கூடுதலா இருக்கிறதுக்கு வீக்கம் மட்டும் காரணமான்னு வயித்து மேலேருந்து பாத்துச் சொல்ல முடியாது. கிட்ட போய்ப் பாக்கணும். விரல் மாதிரி ஒரு ஸ்கேன் கருவி இருக்கு. ஆசனவாய் வழியா வெச்சுப் பாப்போம். சந்தேகமான இடம் இருந்தா, அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே ஊசியால துணுக்கு துணுக்கா சதை எடுத்து சோதனைக்கு அனுப்புவோம். புற்றுநோயா இல்லையான்னு அதுலதான் உறுதியாத் தெரியும்."

வயிற்றில் பசையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்மா. முப்பது வருஷமா என் வண்டியில பின்வாசல் வழியா ஒருத்தரையும் ஏத்தினதில்ல."

வெளியே வந்ததும் என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார். "வீக்கம்னு சொன்னாங்க, மாத்திரைன்னு சொன்னாங்க. அதோட முடிஞ்சது கதை. இன்னொரு ஸ்கேன் பத்தி அவகிட்ட மூச்சு விட்டே, அப்புறம் நடக்கிறதே வேற." சரி என்று தலையாட்டினேன். சாயந்திரம் அண்ணி, "என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டார். "வீக்கம்தான் அண்ணி" என்றேன். இஸ்திரி போட்டுக்கொண்டே நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அண்ணி அழுதார், கத்தினார், பேசாமல் இருந்து பார்த்தார். மனுஷர் பிடி கொடுக்கவில்லை. மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். மாத்திரையும் நாலைந்து நாளில் அப்படியொன்றும் அற்புதம் செய்துவிடவில்லை. வண்டி மூன்று இடத்தில் நின்றது. நான் ஒன்றிரண்டு தடவை பேச்செடுத்தேன். "டிக்கெட் போடுற வேலையப் பாரு" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் அண்ணி ஏறினார். நல்ல துணி உடுத்தி, தோளில் பையோடு, ஊருக்குப் போகிறவர் மாதிரியே வந்தார். ஊழியர் குடும்பத்துக்கு இலவசப் பாஸ் உண்டு. அதைக் காட்டாமல், "துறைமுகம் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டார்.

"அண்ணி, பாஸ் இருக்கே?"

"டிரைவர் பொண்டாட்டியா வந்தா அந்தாளு பேச்சைக் கேட்டுக்கிட்டு வாயை மூடிட்டு உக்காரணும். நான் பயணியா வந்திருக்கேன். பயணி குறை சொல்லலாம் இல்ல?"

டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். அண்ணன் உள்கண்ணாடியில் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கியரைப் போட்டார்.

பெட்ரோல் பங்க் வந்தது. நிற்கவில்லை. பொண்டாட்டி பார்க்கும்போது இறங்கினால் தோற்றதாகிவிடுமே! பழைய நான்ஸ்டாப் அண்ணன் வண்டியில் ஏறிக்கொண்டுவிட்டார். பின்னாலிருந்து குரல்கள் கிளம்பின. "டிரைவரண்ணே, மறந்துட்டீங்களா?" "நிறுத்துற வண்டின்னுதானே ஏறினோம்!" டீக்கடை நெருங்க நெருங்க அவர் கழுத்து நனைந்து சட்டைக் காலர் ஈரமானதை நான் பார்த்தேன். அண்ணி மட்டும் சத்தம் போடாமல் சொன்னார்:

"டிரைவர், வண்டிய நிறுத்துங்க. எனக்காக வேணாம். உங்களுக்காக."

டீக்கடையைத் தாண்டியே விட்டார். கொஞ்ச தூரம் போய், என்ன நினைத்தாரோ, ஓரம் கட்டினார். நான் விசில் அடிக்கவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் பின்னால் போனார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணி எழுந்து, பயணிகள் பக்கம் திரும்பி நின்றார்.

"கொஞ்சம் கேளுங்க. இந்த ஆளு உங்க மேல இருக்கிற பாசத்துல நிறுத்தல. அவருக்கு அடக்க முடியல. உள்ள என்ன இருக்குன்னு ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்னு டாக்டர் சொல்லியாச்சு. பின்பக்கமா பாக்குற ஸ்கேன். வெட்கமாம், போக மாட்டேங்குறாரு. நான் சொல்லிப் பாத்துட்டேன். என் பேச்சு எடுபடல. நீங்கதான் இவரை நல்லவருன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்குக் காது சூடானது.

அண்ணன் வந்து ஏறினார். வண்டி முழுவதும் தன்னையே பார்ப்பதைக் கண்டு திருதிருவென்று முழித்தார். என்னைப் பார்த்தார். நான் டிக்கெட் மிஷினைப் பார்த்தேன்.

பின்சீட்டிலிருந்து ஒரு பெயிண்டர், கையெல்லாம் வெள்ளைப் பெயிண்ட், எழுந்து நின்றார். "டிரைவரண்ணே, நான் எடுத்திருக்கேன் அந்த ஸ்கேன். பொய் சொல்ல மாட்டேன், அசிங்கமாத்தான் இருந்துச்சு. வலியும் இருந்துச்சு. ஒரு டீ குடிக்கிற நேரம்தான். எனக்கு ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்."

"என் தம்பிக்கு இருக்குன்னு வந்துச்சு" என்றார் இன்னொருவர். "சீக்கிரமே பாத்ததால ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. இப்ப என்னைவிட நல்லா இருக்கான்."

ஜன்னலோரம் குழந்தையோடு இருந்த பெண், "எங்கப்பா போகல" என்றாள். சொல்லிவிட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். "விசில் அடிடா, நேரமாச்சு" என்றார். விசில் என் வாயில்தான் இருந்தது. நான் அடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி நான் கேட்காதது அதுதான் முதல் தடவை. அவர் என்னை அருகில் வரச் சொல்லி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"பயமா இருக்குடா. வெட்கமெல்லாம் சும்மா சொன்னது. இருக்குன்னு சொல்லிட்டா? பாக்காத வரைக்கும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"கண்ணாடிய மடக்கி வெச்சுட்டா பின்னாடி லாரி வராதாண்ணே?"

பக்கக் கண்ணாடியை ஒரு தடவை சரிசெய்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு தலையைத் திருப்பாமலே, பஸ் முழுவதும் கேட்கிற மாதிரி, "சரி, போறேன். போதுமா? உக்காருங்க எல்லாரும்" என்று அதட்டினார். பெயிண்டர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். நான் இரண்டு விசில் கொடுத்தேன். அண்ணி துறைமுகம் வரைக்கும் வந்து, அதே வண்டியில் திரும்பினார்.

அந்த ஸ்கேனுக்கு அண்ணியும் நானும் வெளியே உட்கார்ந்திருந்தோம். முடிந்து, பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்து வந்தவர், எங்களுக்கு எதிரே உட்காராமல் நின்றுகொண்டே, "சும்மா சொல்லக்கூடாது, அந்தம்மா மரியாதையா நடத்தினாங்க" என்றார். "ஊசியால சதை எடுக்கிறப்பெல்லாம் டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம். ஸ்டேப்ளர் அடிக்கிறாப்ல. மரத்துப்போக ஊசி போட்டிருந்தாங்க, ஆனாலும் ஒவ்வொண்ணுக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. திரையில ஓரமா ஒரு கறுப்புத் திட்டு தெரிஞ்சுதாம். கறுப்பா தெரியறதெல்லாம் புற்றுநோய் இல்லையாம். தெரியாத இடத்துலயும் இருக்கலாமாம். அதனால எல்லாப் பக்கமும் எடுத்திருக்காங்களாம்."

முடிவு வருகிற வரைக்கும் லீவில் இருந்தார். சிறுநீரில் சில நாள் ரத்தம் வந்து பயமுறுத்தி நின்றது. டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் தப்பித்தோம். அந்த நாட்களில் இஸ்திரிக் கடையில் உட்கார்ந்து அண்ணிக்குத் துணி மடித்துக் கொடுத்தார். சண்டை போடாமல் இருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வேறு டிரைவரோடு ஓடிக்கொண்டிருந்த நான், தினமும் டிப்போவிலிருந்து நேரே அந்தக் கடைக்குத்தான் போனேன். சோறு இறங்கவில்லை. கூடப் பிறக்கவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறென்ன அவர்?

முடிவு வந்தது. இருந்தது. அந்தத் திட்டில், ஒரே பக்கத்தில். மற்ற பரிசோதனைகளும் முடிந்த பிறகு பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். சுரப்பியின் சுவரைத் தாண்டவில்லை, வேறெங்கும் போகவில்லை, எடுத்துவிடலாம் என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "ஒண்ணு தெரியுமா? நீங்க அடிக்கடி இறங்கினது இதனால இல்ல. அது அந்த வீக்கத்தால. இது இந்த அளவுல ஒரு தொந்தரவும் குடுக்காது, சத்தம் காட்டாம வளரும். வீக்கம் இல்லேன்னா நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்க" என்றார்.

அதுவரைக்கும் கல் மாதிரி உட்கார்ந்திருந்த அண்ணி ஓவென்று அழுதுவிட்டார். அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணியின் பையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு சில மாதம் அவருக்கு அடக்கவே முடியாமல் போனது. இதுவும் டாக்டர் முன்கூட்டியே சொன்னதுதான். "அடக்குறதுல சாம்பியன், இப்ப பாரு, டயப்பர்!" என்று அவரே தன்னைக் கேலி செய்துகொண்டார். கீழிடுப்புத் தசையை இறுக்கி விடுகிற பயிற்சி ஒன்று கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் செய்யும்போது இவர் முகம் போகிற போக்கைப் பார்த்து, துணி கொண்டுவந்தவர்கள், "அண்ணனுக்கு என்ன கோபம்?" என்று அண்ணியிடம் விசாரித்தார்களாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பாடு திரும்பியது. ரத்தத்தில் அந்த அளவும் ஒன்றுமில்லாமல் இறங்கியது. வண்டி ஓட்டலாம் என்று டிப்போ டாக்டரும் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்த முதல் நாள் கண்ணாடிகளை அரை மணி நேரம் துடைத்தார். முன்பு மாதிரியே கியர் சத்தம் தெரியாமல் வண்டி எடுத்தார். பெட்ரோல் பங்கைத் தாண்டினோம், அவருக்கு ஒன்றும் இல்லை. இனிமேல் பழைய குருடி கதவைத் திறடி கதைதான், திட்டு வாங்கத் தயாராக வேண்டியதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். அநேகமாக எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்து, பக்கக் கண்ணாடியில் கடையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அடிக்கடி வருகிறவர். விஷயம் தெரிந்தவர்.

"பாவம், மறுபடி நிறுத்திட்டீங்களே. இன்னும் சரியாகலையா டிரைவர்?"

"எனக்குச் சரியாயிடுச்சும்மா. பாருங்க, நான் இறங்கக்கூட இல்ல." கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "உங்க வீட்டுக்காரர்தான் ரெண்டாவது தடவையா உள்ள போறாரு."

அந்த அம்மா ஜன்னலை நகர்த்தி வெளியே எட்டிப் பார்த்தார். கணவர் ஏறி வருகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும், "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"என்னது?"

பதிலுக்குக் காத்திராமல் அந்த அம்மா முன்பக்கம் திரும்பி, "ஸ்கேன் எங்கே எடுத்தீங்க டிரைவர்?" என்றார். அண்ணன் வழி சொன்னார். எந்த முனையில் திரும்ப வேண்டும், மாடிக்கு எந்தப் படியில் ஏற வேண்டும் என்பதுவரை சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் அந்த மனுஷர், எரிச்சலோடு.

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வண்டியைக் கிளப்பினார்.